முக்காலும் உணர்தல்: டிரான்சிஸ்டர் கால்களின் பாடபேதம் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வு தோன்றிய சூழல்

முக்காலமும் உணர்ந்த முனிவர்களுக்கு இந்நாட்டில் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. முக்காலும் உணர்ந்தவரைத்தான் காணோம். கால் என்று இங்கே சொல்வது டிரான்சிஸ்டரின் காலை. பட்டாணி அளவில் கறுப்பு பிளாஸ்டிக் உடம்பு. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. கீழே வெள்ளி நிறத்தில் மூன்று கம்பிகள். அவற்றில் எது எமிட்டர், எது பேஸ், எது கலெக்டர்? இந்தக் கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உண்டு என்பதும், அத்தனையும் அச்சில் கிடைக்கின்றன என்பதும், அத்தனையும் சரி என்பதும் இவ்வாய்வின் முடிபுகள். முடிபை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்ற ஆய்வைப் பின்னால் செய்வது நாடறிந்த மரபு. அம்மரபை மீற எனக்குத் துணிவில்லை.

ஆய்வுக்கு நிதி நல்கியவர் என் மனைவி. தொகை 200 ரூபாய். எதிர்பார்த்த சமுதாயப் பயன், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் கூப்பிடும் ஒரு கருவி. மோட்டாரைப் போட்டுவிட்டு நான் மறந்துபோவதும், தண்ணீர் வழிந்து கீழ்வீட்டுக்காரர் காயப்போட்ட வடகம் நனைவதும், அவர் கேட் அருகே நின்று யாரையும் பார்க்காமல் பொதுவாகப் பேசுவதும் வாரம் ஒருமுறை நடந்துவந்தன. கருவி எளியதுதான். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு பஸர், இரண்டு ரெசிஸ்டர், 12 வோல்ட் அடாப்டர். தொட்டியின் விளிம்பில் இரண்டு கம்பிகளைத் தொங்கவிட வேண்டும். தண்ணீர் ஏறி இரண்டையும் தொட்டால் பேஸுக்குத் துளியளவு மின்சாரம் போகும்; டிரான்சிஸ்டர் அதைப் பெருக்கி பஸரை அலறவைக்கும்.

ரிச்சி தெருவில் ஒரு கடையில் 2என்2222 டிரான்சிஸ்டர் 10 வாங்கினேன். வேண்டியது ஒன்றுதான்; ஆனால் ஒன்று கேட்டால் கடைக்காரர் பார்க்கும் பார்வையைத் தாங்க முடியாது. பழைய புத்தகம் ஒன்றில் இருந்த படத்தைப் பார்த்து வரிசையாகப் பற்றவைத்தேன். அடாப்டரைச் செருகினேன். தொட்டி வறண்டு கிடந்தது. கருவியோ முனகத் தொடங்கியது. சரி, தண்ணீர் வந்தால் குரல் எடுக்கும் என்று மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிரம்பியது, வழிந்தது, வடகம் நனைந்தது. முனகல் அப்படியே இருந்தது, அரை மாத்திரை கூடவில்லை.

"இது அலாரமா, அனுதாபமா?" என்றார் நிதி நல்கியவர்.

ஏடு தேடல்

பாடத்தில் ஐயம் வந்தால் ஏடு தேட வேண்டும். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றுவதற்கு முன் எத்தனை வீட்டுப் பரண்களைப் பார்த்தார் என்பது நாம் படித்ததுதான். அவருக்கு வாய்த்தது கரையான். எனக்கு வாய்த்தது திரையின் பாதியை மறைக்கும் விளம்பரம். மற்றபடி இருவர் துன்பமும் ஒன்றே. டேட்டாஷீட் என்னும் ஏடுகளைத் திரட்டி அ, ஆ, இ எனப் பாடங்களை வகுத்தேன்.

அ பாடம் மிகப் பழையது. 2என்2222 என்பது மோட்டோரோலா நிறுவனம் 1962இல் வெளியிட்ட டிரான்சிஸ்டர். அன்று அதற்கு உலோகத் தொப்பிதான் உடம்பு. தொப்பியின் விளிம்பில் சின்னதாக ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். நாக்கை ஒட்டிய கால் எமிட்டர். குழப்பத்துக்கு இடமே இல்லை. பிறகு செலவைக் குறைக்க பிளாஸ்டிக் உடம்பு வந்தது. பிஎன்2222 என்ற பெயரில் வந்த பிளாஸ்டிக் பதிப்பு ஆ பாடம். தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழ்நோக்க, இடமிருந்து வலமாக எமிட்டர், பேஸ், கலெக்டர். இ பாடம், அதே மோட்டோரோலா பி2என்2222ஏ என்று பெயரிட்ட பதிப்பு. அதே உடம்பு, அதே தட்டை முகம். வரிசை மட்டும் கலெக்டர், பேஸ், எமிட்டர்.

பிஎன் என்றால் ஒரு வரிசை, பி2என் என்றால் நேர் எதிர் வரிசை. நடுவில் ஒரு 2 நுழைந்ததற்கு இத்தனை விளைவா என்று தமிழ் படித்தவர் கேட்கமாட்டார். வேலை கொடு என்றால் உத்தியோகம் கேட்கிறான். வேலைக் கொடு என்றால் ஆயுதம் கேட்கிறான். ஒரு க் செய்யும் வேலையை ஒரு 2 செய்யக்கூடாதா?

நிறுவனத்தார் இதையெல்லாம் மறைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. டிஓ-92 என்ற அந்த பிளாஸ்டிக் உடம்பின் படத்துக்குப் பக்கத்திலேயே ஸ்டைல் 1, ஸ்டைல் 17 என்று எண் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள். ஸ்டைல் 1 என்றால் எமிட்டரில் தொடங்கும். ஸ்டைல் 17 என்றால் கலெக்டரில் தொடங்கும். ஸ்டைல் என்றால் சிகரெட்டைத் தூக்கிப்போட்டு வாயால் பிடிப்பது என்று நம்பி வளர்ந்த தலைமுறைக்கு அந்தப் பொடி எழுத்து கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

என் கையில் இருந்ததன் நெற்றியிலோ 2222 என்ற எண் மட்டுமே. பிஎன் இல்லை, பி2என் இல்லை, செய்தவர் முத்திரை இல்லை. ஆசிரியர் பெயர் தெரியாத தனிப்பாடல் அது. எந்த ஏட்டோடு சேர்த்துப் படிப்பது?

கடைக்காரருக்கே போன் போட்டேன்.

"அண்ணே, நேத்து வாங்குன 2222, அது இ-பி-சியா, சி-பி-இயா?"

"உங்களுக்கு எது வேணும்?"

இதைவிடத் தெளிவான விடையை இத்துறை எனக்கு இதுவரை தரவில்லை.

இடையே ஒன்று. ஏடுகள் முரண்படாத இடத்திலும் படிப்பவன் முரண்படுவதற்கு ஏடுகள் வழி செய்து வைத்திருக்கின்றன. சில தாள்களில் டிரான்சிஸ்டரை முகத்துக்கு நேரே நின்று வரைந்திருப்பார்கள். சிலவற்றில் கீழே படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து வரைந்திருப்பார்கள். வால்வு ரேடியோக் காலத்துப் பழக்கம் இது. வால்வின் சாக்கெட்டுக்கு வயர் பற்றவைப்பவர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அடியிலிருந்துதான் வேலை செய்வார்; படமும் அடியிலிருந்தே வரையப்பட்டது. வால்வு போய்விட்டது, அண்ணாந்து பார்ப்பது போகவில்லை. 'அடிப்பக்கத் தோற்றம்' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் பார்க்காமல் விட்டவருக்கு இடது வலதாகும், எமிட்டர் கலெக்டராகும்.

பெயர்க்காரணம்

பேஸ் என்ற பெயருக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டைனும் செய்த முதல் டிரான்சிஸ்டரில் அடியில் ஜெர்மேனியம் என்னும் தனிமத்தின் கட்டி ஒன்று கிடந்தது. மேலே இரண்டு தங்க முனைகள் அதைத் தொட்டுக்கொண்டிருந்தன. அடியில் கிடந்ததால் அது பேஸ். இன்றைய சிலிக்கன் சில்லில் அடியில் கிடப்பது கலெக்டர். பேஸ் நடுவில் மெல்லிய ஏடாக இருக்கிறது. ஆக, காரணப்பெயராகப் பிறந்து இடுகுறிப்பெயராக வாழ்கிறது. நம் பள்ளிப் பாடநூலும் விசுவாசமாக அதை அடிவாய் என்றே மொழிபெயர்த்திருக்கிறது. எமிட்டர் உமிழ்ப்பான், கலெக்டர் ஏற்பான். ரிச்சி தெருவில் போய் "அண்ணே, அடிவாய் நடுவில் உள்ளதாக ஒன்று" என்று கேட்டுப் பார்க்கும் ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு.

தொகையும் உருபும்

இனி ஆய்வின் உயிர்நிலைக்கு வருவோம். 'பூனை எலியைப் பிடித்தது' என்ற தொடரை எப்படிக் கலைத்துப் போட்டாலும் தமிழில் பூனைதான் பிடிக்கும். 'எலியைப் பிடித்தது பூனை', 'பிடித்தது பூனை எலியை', எப்படிச் சொன்னாலும் எலிக்கு விடிவில்லை. காரணம், எலியின் வாலில் ஐ என்ற உருபு கட்டியிருக்கிறது. உருபு இருந்தால் வரிசை பற்றிக் கவலையில்லை. உருபு இல்லாத மொழிகளில் இடமே எல்லாம். முன்னால் நிற்பது பிடிக்கும், பின்னால் நிற்பது பிடிபடும்.

பழைய உலோகத் தொப்பியில் நீட்டிக்கொண்டிருந்த நாக்கு இருக்கிறதே, அது வேற்றுமை உருபு. எமிட்டர் எந்தப் பக்கம் திரும்பினாலும் உருபும் கூடவே திரும்பும். நம் கல்லூரி லேப்களில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சூடுபட்ட எஸ்எல் 100 டிரான்சிஸ்டருக்கும் அந்த நாக்கு உண்டு. பிளாஸ்டிக் உடம்பு வந்தபோது நாக்கை அறுத்துவிட்டார்கள். உருபு மறைந்தால் அது வேற்றுமைத்தொகை. தொகையை விரிப்பவர் மனம்போன போக்கில் விரிக்கலாம். இரண்டு பொருள் முதல் ஏழு பொருள் வரை ஒரு தொகை மயங்கும் என்று நன்னூல் கணக்கே போட்டு வைத்திருக்கிறது. மூன்று கால்களை நிறுத்த ஆறு வரிசைகள்தான் உண்டு. இலக்கணம் ஏழு வரை அஞ்சியது. டிரான்சிஸ்டர் ஆறோடு கருணை காட்டியிருக்கிறது.

அதே நன்னூலில் பொருள்கோள் எட்டு. செய்யுளில் சொற்கள் எந்த முறையில் கிடந்தால் எந்த முறையில் பொருள் கொள்வது என்பதற்கான வழிகள் அவை. அவற்றைக் கால் வரிசைக்குப் பொருத்திப் பார்த்ததே இவ்வாய்வு அறிவுலகத்துக்கு வழங்கும் கொடை.

எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று வருவது ஆற்றுநீர்ப் பொருள்கோள். என்பிஎன் வகையில் எலக்ட்ரான்கள் எமிட்டரில் புறப்பட்டு, பேஸைக் கடந்து, கலெக்டரில் போய்ச் சேருகின்றன. காலும் அந்த வரிசையிலேயே நிற்கிறது. வாய்க்கால் வெட்டியது போன்ற ஒழுங்கு. 2என்3904, 2என்3906 முதலிய அமெரிக்கக் குடும்பத்தார் இவ்வழியினர்.

கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று வருவது அளைமறிபாப்பு. வளைக்குள் நுழையும் பாம்பு தலையைத் திருப்பி வாசலைப் பார்ப்பது போல, கடைசியில் உள்ளது முதலில் வந்து நிற்கும். பிசி 547, பிசி 337 என்ற ஐரோப்பிய மரபு இது. பி சிலிக்கனைக் குறிக்கும், சி ஒலி அலைவரிசையில் வேலை செய்யும் சிறு ரகத்தைக் குறிக்கும். 1966இல் தொடங்கிய புரோ எலக்ட்ரான் அமைப்பு வகுத்த பெயரிடல். பெயரில் எல்லாம் சொன்னவர்கள் கால் வரிசையை மட்டும் சொல்லவில்லை. நம்மூர்ப் பையன்கள் முதலில் தொடுவது பிசி 547தான். எனவே எந்தக் கறுப்புப் பட்டாணியைப் பார்த்தாலும் சி-பி-இ என்று கை தானாகப் பற்றவைத்துவிடுகிறது. தாய்மொழியின் பிடி அப்படி.

மொழிமாற்று ஜப்பானியர் வழி. எமிட்டர், கலெக்டர், பேஸ். உடம்பில் சி1815 என்றோ சி945 என்றோ இருக்கும். முழுப்பெயர் 2எஸ்சி1815, 2எஸ்சி945. முன்னால் உள்ள 2எஸ் எல்லாருக்கும் பொது என்பதால் விட்டுவிடுகிறார்கள், இனிஷியல் இல்லாமல் கூப்பிடுவது போல. இங்கே கலெக்டர் நடுவில் நிற்கிறார். மாவட்ட விழா மேடை எதையாவது பார்த்திருப்பவருக்கு இதில் வியப்பு இராது. கலெக்டர் வந்தால் நடு நாற்காலிதான். ஆனால் இதற்கு ஒரு பௌதிகக் காரணமும் உண்டு. சிலிக்கன் சில்லின் அடிப்பக்கம் கலெக்டர் என்றேன் அல்லவா? சில்லை எந்தக் காலின் தலையில் ஒட்டுகிறார்களோ அந்தக் கால் கலெக்டராகிவிடும். மற்ற இரண்டு கால்களுக்கும் மயிரிழை போன்ற கம்பி இழுப்பார்கள். சில்லுக்கு நடுக்காலில் இருக்கை போட்டால் ஜப்பான், ஓரக்காலில் போட்டால் அமெரிக்காவோ ஐரோப்பாவோ. வரிசையெல்லாம் தொழிற்சாலையில் அன்றைக்குத் தகட்டை எப்படி வெட்டினார்கள் என்பதைப் பொறுத்தது.

எமிட்டரே நடுவில் நிற்பதும் உண்டு. வீட்டில் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் செய்து பக்கத்து வீட்டு ரேடியோவில் தும்மிக் காட்டிய எவருக்கும் பிஎஃப் 494 தெரியும். உயர் அலைவரிசையில் கலெக்டரும் பேஸும் பக்கத்தில் நின்றால் இடைவெளி வழியாகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சமிக்ஞை கசியும். நடுவில் எமிட்டரை நிறுத்தி அதை எர்த்தில் கட்டிவிட்டால் சுவர் எழுப்பியது போலாகும். ஆறு வரிசைகளில் காரணத்தோடு வந்து நிற்பது இதுதான் என்பது என் கட்சி.

அடிமறிமாற்றுக்கு எடுத்துக்காட்டு ஜே113. இது ஜேஃபெட் வகை. டிரெயின், சோர்ஸ் என்னும் அதன் இரண்டு கால்களையும் மாற்றிப் போட்டாலும் ஒன்றும் கெடாது, அடிகளை மேலும் கீழும் மாற்றிப் படித்தாலும் பொருள் கெடாத பாட்டைப் போல. பிழைக்க இடமே கொடுக்காத இப்படிப்பட்டவற்றைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத முடியாது. எஞ்சிய பொருள்கோள்களை வருங்கால ஆய்வாளருக்கு விட்டுவைக்கிறேன். அவர்களுக்கும் முனைவர் பட்டம் வேண்டும்.

பெயரின் வாலில் ஒட்டும் எழுத்தையும் அலட்சியம் செய்யலாகாது. பிசி 182 என்றால் பேஸ் நடுவில். பிசி 182எல் என்றால் கலெக்டர் நடுவுக்கு வந்துவிடுவார். மாஸ்ஃபெட் குலத்தில் 2என்7000, பிஎஸ்170 இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலைக்காரர்கள். ஒன்றில் சோர்ஸ், கேட், டிரெயின். மற்றதில் டிரெயின், கேட், சோர்ஸ். 7805 என்ற ரெகுலேட்டரில் மின்சாரம் இடக்காலில் நுழைந்து வலக்காலில் வெளியேறும். அதன் தம்பி 78எல்05 டிரான்சிஸ்டர் உடம்பில் வரும்போது வலக்காலில் நுழைந்து இடக்காலில் வெளியேறும். அண்ணன் தம்பிக்குள்ளேயே இப்படி இருக்கும்போது அமெரிக்காவும் ஜப்பானும் ஒத்துப்போகவில்லை என்று வருந்துவானேன்?

அகச்சான்று

ஏடுகள் புறச்சான்று. அகச்சான்றுக்காக நான் அணுகியது எங்கள் தெருமுனையில் டிவி, மிக்ஸி, எமர்ஜென்சி லைட் எல்லாம் பழுதுபார்க்கும் பெரியவரை. வால்வு ரேடியோவில் தொடங்கியவர். என் கையில் இருந்த தாள்கட்டைப் பார்த்தார்.

"இதுக்குப் போயி இத்தனை பேப்பரா சார்?"

"ஒவ்வொண்ணும் ஒவ்வொண்ணு சொல்லுதுண்ணே."

"அது அது அவங்கவங்க வீட்டுப் புள்ளையப் பத்திச் சொல்லுது. உங்க கையில இருக்கறது யாரு வீட்டுப் புள்ளைன்னு அதுகிட்ட கேட்டீங்களா?"

கேட்கும் முறையையும் காட்டினார். மல்டிமீட்டரை டையோடு குறி உள்ள இடத்தில் வைத்தார். சிவப்பு முனையை ஒரு காலில் வைத்து, கறுப்பு முனையால் மற்ற இரண்டையும் தொட்டார். மூன்று கால்களில் ஒன்றே ஒன்று மட்டும் இரண்டு பக்கமும் எண் காட்டும், அது பேஸ். நடுச்சொல் ஊசல் போல முன்னும் பின்னும் சென்று இயைவதைத் தாப்பிசை என்பார்கள். அளக்கும்போது எந்தப் பேஸும் தாப்பிசைதான், நடுவில் நின்றாலும் ஓரத்தில் நின்றாலும். சிவப்பு முனை பேஸில் இருக்கும்போது எண் வந்தால் என்பிஎன். கறுப்பு முனை இருக்கும்போது வந்தால் பிஎன்பி. (பழைய முள் மீட்டரில் இது தலைகீழ். ஓம் அளவில் அதன் கறுப்பு முனைதான் பாசிட்டிவ். மீட்டரிலும் பாடபேதம்.)

பேஸ் கிடைத்துவிட்டது. மீதி இரண்டில் யார் எமிட்டர்? ஒரு பக்கம் 668 காட்டியது, மறுபக்கம் 661. மில்லிவோல்ட் கணக்கு. எமிட்டரில் கலப்பு மிகுதி என்பதால் அந்தப் பக்கம் ஓரிரண்டு மில்லிவோல்ட்டாவது கூடுதலாக விழும். கூடியது எமிட்டர். இந்த 7 மில்லிவோல்ட்தான் ஏடுகளின் வழக்கைத் தீர்த்துவைக்கும் சாட்சி. ஆனால் சாட்சியைக் கலைப்பது எளிது. நான் அளந்தபோது 662, 663 என்று வந்தது. டிரான்சிஸ்டரை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அளந்திருந்தேன். ஒரு டிகிரி சூடு ஏறினால் 2 மில்லிவோல்ட் இறங்கும். ஒரு பக்கம் அளந்து மறுபக்கம் போவதற்குள் என் விரல் சூட்டில் வித்தியாசமெல்லாம் கரைந்துவிட்டது.

"சாட்சியைப் புடிச்சு அமுக்கினா அது நீங்க சொல்றதைத்தான் சொல்லும். மேஜை மேல வெச்சு அளங்க" என்றார்.

அடுத்து மீட்டரின் முகத்தில் உள்ள ஓட்டைகளுக்கு வந்தார். மலிவான மஞ்சள் மீட்டரில் டிரான்சிஸ்டரின் பெருக்கத்தை அளக்கச் சிறு சாக்கெட் இருக்கும். அதில் இ, பி, சி, இ என நான்கு ஓட்டைகள். மூன்று காலுக்கு எதற்கு நான்கு ஓட்டை என்று நான் யோசித்ததே இல்லை. வரிசையாகப் பாருங்கள். முதல் மூன்றில் இ-பி-சி, அமெரிக்கர் உட்காரலாம். டிரான்சிஸ்டரைத் திருப்பிச் செருகினால் ஐரோப்பியர். கடைசி மூன்று பி-சி-இ. திருப்பிச் செருகினால் இ-சி-பி, ஜப்பானியர். காலை வளைக்காமல் உட்கார முடியாதவர்கள் எமிட்டர் நடுவில் உள்ளவர்கள் மட்டுமே. நான்கே எழுத்தில் உலகத்தின் முப்பெரும் மரபுகளையும் அடக்கிய அந்தச் சூத்திரத்தைச் செய்தவர் யாரோ, அவருக்கு முன் என் எட்டுப் பொருள்கோளும் வெட்கத்தோடு நிற்கின்றன.

என் டிரான்சிஸ்டரை ஒரு பக்கமாகச் செருகியபோது 7 என்று வந்தது. திருப்பிச் செருகியபோது 214.

சிரசாசனம்

இந்த 7இல்தான் என் கருவியின் முனகல் ஒளிந்திருந்தது. கலெக்டரையும் எமிட்டரையும் மாற்றிப் போட்டால் டிரான்சிஸ்டர் செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சாவதில்லை, தலைகீழாக நின்றுகொண்டு வேலை செய்யும். செத்தால் தேவலை, கண்டுபிடித்துவிடலாம். எமிட்டர் சின்ன வாய், கலெக்டர் அகன்ற வாய். சொம்பிலிருந்து அண்டாவுக்கு ஊற்றுவது போன்றது நேரான வேலை. ஒரு சொட்டு சிந்தாது. மாற்றிப் போட்டால் அண்டாவிலிருந்து சொம்புக்கு ஊற்ற வேண்டும், பெரும்பகுதி தரையில். 200 மடங்கு பெருக்கவேண்டியது 7 மடங்கு பெருக்கும். தொட்டித் தண்ணீர் கொடுத்த துளி மின்சாரம் பஸரைத் தட்டி எழுப்பப் போதவில்லை.

சரி, வறண்ட தொட்டியில் ஏன் முனகியது? எமிட்டர் பேஸ் இணைப்பு எதிர்த்திசையில் 6 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதற்கு எந்த ஏடும் உறுதி தருவதில்லை. நல்ல வேளையாக அந்த 6இல் மட்டும் நான் தேடிய ஏடுகளுக்குள் சண்டை பெரிதாக இல்லை. நடைமுறையில் 8 வோல்ட் வாக்கில் அது விட்டுக்கொடுத்துவிடும். என் அடாப்டர் 12. எட்டைத் தாண்டிய மிச்சம் 4 வோல்ட், தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடைந்த மதகு வழியாகப் பஸருக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. 4 வோல்ட்டில் ஒரு பஸர் வேறு என்ன செய்யும்? முனகத்தான் செய்யும். கணக்கு பிசகாமல் ஒத்துப்போனதில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை நிதி நல்கியவரோடு பகிர்ந்துகொள்ள முயன்றேன். "அப்போ இன்னும் சரி பண்ணலையா?" என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். சிரசாசனத்தை வேண்டுமென்றே செய்யவைத்தவர்களும் உண்டு. தலைகீழாக நிற்கும்போது டிரான்சிஸ்டர் மின்சாரத்தைக் கடத்தும் நிலையில் அதன் குறுக்கே மிஞ்சும் வோல்ட் மிகக் குறைவு என்பதால், நுண்ணிய சமிக்ஞைகளை வெட்டி வெட்டி அளக்கும் சாப்பர் சர்க்யூட்டுகளில் அப்படியே பயன்படுத்தினார்கள். என்னுடையதும் அவ்வகையைச் சேர்ந்த முயற்சி என்று ஆய்வேட்டில் எழுதிவிடலாமா என ஒரு கணம் நினைத்தேன்.

திருத்திய பதிப்பு

டிரான்சிஸ்டரைக் கழற்றி, முகத்தைத் திருப்பி, மறுபடி பற்றவைத்தேன். தொட்டி நிரம்பியது. கருவி போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் வடகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். இனி அவர் பொதுவாகப் பேச வேறு பொருள் தேட வேண்டும்.

மீதி 9 டிரான்சிஸ்டர்களையும் மேஜைமேல் வைத்து ஒவ்வொன்றாக அளந்தேன். 7 ஒரு மரபு. 2 வேறு மரபு. ஒரே கடை, ஒரே கவர், நெற்றியில் ஒரே எண். கடைக்காரர் "உங்களுக்கு எது வேணும்?" என்று கேட்டது பேச்சுக்காக இல்லை, இரண்டும்தான் கொடுத்திருக்கிறார்.

நாளைக்கு இந்தக் கருவியைத் திறப்பவர் டிரான்சிஸ்டர் திரும்பி நிற்பதைக் கண்டு, ஏடு எழுதினோர் பிழை என்று கருதி நேராக்கிவிடக் கூடாதே என்ற கவலை வந்தது. அறுத்தெறிந்த உருபை மறுபடி ஒட்டவைப்பது என முடிவு செய்தேன். நிதி நல்கியவரின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, கருவியில் இருந்ததிலும் மீதி ஒன்பதிலும் எமிட்டர் காலுக்கு மேலே தலா ஒரு பொட்டு வைத்தேன். ஐ, ஆல், கு போல அழகாக இருந்தது. மீதியில் இரண்டை டேப்பால் ஒட்டிக் கருவியின் பெட்டிக்குள்ளேயே வைத்தேன், அவசரத்துக்கு ஆகும் என்று.

பெட்டியைப் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"சார், செவப்புப் பொட்டு வெச்சா அது கலெக்டர். ஓசி 71 காலத்துலேர்ந்து அப்படித்தான்."